பெட்ரோல் டேங்குக்குப் படகு வைத்தியம்

கூடத்தின் நடுவில் பெட்ரோல் டேங்க் ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையை என் வீட்டுக்காரரும் மறுமுனையை என் தம்பி சேவியரும் பிடித்துத் தூக்கி, குலுக்கு குலுக்கென்று குலுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கொஞ்சம் ஜல்லியும் ஒரு பழைய சைக்கிள் செயினும் கிடந்தன. துருவைச் சுரண்டி எடுக்க இதுதான் வழியாம். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டுக் குழந்தை அலறிக்கொண்டு எழுந்தது. நான் வாசலோரம் நாற்காலியில், இடது காலை முக்காலி மேல் நீட்டிப் போட்டபடி, காலை டீ கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

டீ ஏன் இல்லை என்றால், டேங்க் வீட்டுக்குள் இருக்கும் வரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது. ஊதுவத்தி கூடாது. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியும் கூடாது. வெளியே வைத்துச் செய்யுங்களேன் என்றால், மழை. ராயபுரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் நடக்கவே முடியாது. அதனால் டேங்க் கூடத்துக்கு வந்தது, நான் வாசலுக்குப் போனேன்.

இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"சொம்மா இரு யக்கா. துரு கயண்டுக்கினு வருது" என்றான் சேவியர்.

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வீட்டைக் கலீஜ் பண்ண ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் இந்த ஆண்பிள்ளைகளுக்கு வருகிற சந்தோஷம் அது. டேங்கின் வாயிலிருந்து செம்மண் குழம்பு மாதிரி ஒன்று என் தரையில் கொட்டியது.

மடங்காத கால்

போன வாரம் நான் எழுதிய ஆஸ்பத்திரிக் கதையைப் படித்துவிட்டு, இப்போது நடக்கிறீர்களா என்று சிலர் அக்கறையாகக் கேட்டிருந்தார்கள். நடக்கிறேன். கோல் ஊன்றி, வாசலிலிருந்து கோயில் வரைக்கும். படிக்கட்டில் விழுந்து, எலும்பு நொறுங்கி, கம்பி வைத்து, கடைசியில் இடது முட்டி இனி மடங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை.

மடங்காத காலோடு ஆட்டோவில் ஏறிப் பாருங்கள், தெரியும். கால் தெருவில் நீட்டிக்கொண்டு வரும். இந்தக் காலத்துக் கார்களில் பின் சீட்டு என்பது பொம்மைகளுக்காகச் செய்தது. போனில் பெரிய வண்டியாகப் பார்த்து வரச்சொன்னாலோ, எண்ணூர் என்று தெரிந்ததும் ரத்தாகிவிடும். அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள யாருக்கும் ஆசை இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நான் காலை முழுசாக நீட்டி உட்காரக்கூடிய வண்டி ஒன்றுதான் உண்டு. எங்கள் பழைய அம்பாசடர். அதன் பின் சீட்டில் ஒரு கதவோரம் முதுகைச் சாய்த்து, சீட்டின் மேலேயே குறுக்காகக் காலை நீட்டினால், இன்னும் இடம் மிச்சமிருக்கும்.

நான் போக வேண்டிய இடமும் ஒன்றுதான். எண்ணூரில், முகத்துவாரக்குப்பம் போகிற வழியில் இருக்கும் கல்லறைத் தோட்டம். அங்கேதான் என் தங்கை பிலோமினா இருக்கிறாள். நான் கட்டிலில் கிடந்தபோது அவள் நெஞ்சுவலியில் போய்விட்டாள். சொன்னால் தாங்கமாட்டேன் என்று அடக்கம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. போன கல்லறைத் திருநாளுக்கும் படுக்கையில்தான் கிடந்தேன்.

இந்த வருடம் அவள் கல்லறையில் என் கையால் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. இதை வீட்டில் எல்லாருக்கும் காது புளிக்கிற அளவுக்குச் சொல்லிவிட்டேன்.

என் சோப்பு போன இடம்

நான் படுத்த நாளிலிருந்து காரும் படுத்துவிட்டது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்ததில் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவோரத்திலேயே நின்றது. எங்கள் பக்கத்துக் கடல் காற்று சன்னல் கம்பியையே தின்றுவிடும், காரை விடுமா? போதாததற்கு டேங்கில் மிச்சமிருந்தது இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல். அது சும்மா கிடந்தால் தண்ணீரை இழுத்துக்கொள்ளுமாம். பழைய ரப்பரையும் ஊறவைத்துக் கெடுத்துவிடுமாம்.

திருநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது வீட்டுக்காரர் புதுப் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினார். மேலே ஊற்ற ஊற்றக் கீழே சொட்டியது. உடனே அவர் ஓடிப்போய் என் துணி சோப்பை எடுத்துவந்தார். ஓட்டையில் பார் சோப்பை அழுத்தித் தேய்த்தால் பெட்ரோல் கசிவு நிற்கும் என்பது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் அவர் கற்றுக்கொண்டது. நின்றதும் உண்மைதான். ஆனால் ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறந்தது. ஒரு முழுச் சோப்பும் காரின் அடிவயிற்றுக்குப் போனது. நான் ஊறவைத்த துணி அப்படியே கிடந்து நாறியது.

கடைசியில் காதர் பாயைக் கூப்பிட்டோம். வண்ணாரப்பேட்டையில் பழைய வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் அவர்தான் மெக்கானிக். வருகிறேன் என்று சொன்னால் வர மாட்டார், வந்துவிட்டால் போக மாட்டார். காருக்கு அடியில் படுத்துக்கொண்டே நம் சொந்தக்காரர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். அன்று அதிசயமாகச் சொன்ன நேரத்துக்கு வந்து, டேங்கைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்தார். அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது.

"இது டேங்கு இல்ல நைனா, சல்லடை" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

பெட்ரோல் போகிற பைப்பும் பாதி வழியில் இற்றுப்போயிருந்தது. அதை அவரே மாற்றிக்கொடுத்தார். பின்னாலிருந்து எஞ்சின் வரைக்கும் புதுப் பைப்பு, புது ரப்பர் ஓஸ், புது கிளிப்பு. தான் போட்ட பைப்பைத் தானே குனிந்து குனிந்து பார்த்து ரசித்தார். டேங்கை மட்டும் தண்டையார்பேட்டையில் ஒரு ரேடியேட்டர் கடையில் கொடுத்து ஈயம் வைத்து அடைக்கச் சொன்னார்.

அந்தக் கடைக்காரர் டேங்கை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்ரோல் வாடை இருக்கிற வரை அதன் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோக மாட்டாராம். துருவெல்லாம் எடுத்து, கழுவி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார். ஐப்பசியில் வெயிலுக்கு நான் எங்கே போவேன்?

அப்படி வந்து சேர்ந்ததுதான் ஜல்லியும் செயினும். குலுக்கினார்கள், கழுவினார்கள், வாய்ப்பக்கம் கவிழ்த்து வைத்தார்கள். மறுநாள் மோந்து பார்த்தால் பெட்ரோல். அதற்கு மறுநாளும் பெட்ரோல். கடை இட்லியும் ஆறிப்போன டீயும் தின்று குடித்து எனக்கு நாக்கு செத்துவிட்டது.

கடலையே தாங்குகிற சாமான்

சேவியர் காசிமேட்டில் பைபர் படகு ஒட்டுகிறவன். படகு எங்காவது இடித்து ஓட்டையானால், பைபர் துணியை வைத்து, அதன் மேல் ரெசின் என்கிற பிசினைப் பூசி, அது இறுகியதும் கடலுக்கு அனுப்பிவிடுவான். அவனைக் கேட்டால் உலகத்தில் எந்த ஓட்டைக்கும் அதுதான் மருந்து. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, மழைத்தண்ணீர்க் குழாய், உடைந்த வாளி, நான் உட்காருகிற நாற்காலியின் கால், எல்லாம் அவன் வைத்தியம் பார்த்தவைதான். எங்கள் பக்கத்தில் படகு ஒட்டுகிறவன் சொந்தத்தில் இருந்தால் யாரும் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

நெருப்பே வேண்டாம், சாயங்காலத்துக்குள் டேங்கை முடித்துக்கொடுக்கிறேன் என்றான். காதர் பாயை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"கடலயே தாங்குது யக்கா. உன் வண்டி பெட்ரோல தாங்காதா?"

என் வீட்டுக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கு அடுப்பு பற்றவைத்தால் போதும் என்று இருந்தது.

அடியில் துணி வைத்து ஒட்டினான். அதோடு விட்டானா என்றால் இல்லை. உள்ளேயும் ரெசினை ஊற்றி, டேங்கைப் புரட்டிப் புரட்டி ஒரு பூச்சு பூசினான். பெட்ரோல் நாற்றம் போய் ரெசின் நாற்றம் வந்தது. மறுநாள் அது கல்லாக இறுகியிருந்தது. மாட்டி, பெட்ரோல் ஊற்றினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சாவியைத் திருப்பியதும் கார் இருமி, தும்மி, கிளம்பியது. நான் டீ போட்டுக் குடித்துவிட்டு, வஞ்சிரம் வாங்கிவரச் சொல்லிக் குழம்பும் வைத்தேன். சேவியர் சாப்பிட்டுவிட்டு, காரைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

பிலோ குடித்த பெட்ரோல்

அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு பிலோ ஞாபகம்தான் வந்தது. கார் வாங்கிய புதிதில் என் வீட்டுக்காரருக்கு முன்னால் அதை ஓட்டக் கற்றவள் அவள். எங்கள் தெருவில் கார் ஓட்டிய முதல் பெண்பிள்ளை. சன்னல் வழியாக முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு, லாரிக்காரர்களோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டு ஓட்டுவாள். நான் பின் சீட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை திருவொற்றியூர் தாண்டி நடு ரோட்டில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அந்த வழியாக வந்த தெரிந்தவர் ஒருவர் தன் ஸ்கூட்டரிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். டியூப் போட்டு வாயால் உறிஞ்ச வேண்டும். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிலோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து உறிஞ்சினாள். வாய் நிறையப் பெட்ரோல். துப்பிவிட்டுச் சிரித்தாள். அன்று முழுவதும் அவள் விட்ட ஏப்பமெல்லாம் பெட்ரோல்தான். பெரிய ஆபத்து அது, இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது.

அவளுக்கு அந்த வாசனை பிடிக்கும். பங்க்கில் வண்டி நின்றால் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பாள். எனக்கோ குமட்டும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அது தெரிந்துதான் அவள் அன்று பெட்ரோல் பட்ட உள்ளங்கையை என் மூக்கில் கொண்டுவந்து தேய்த்தாள்.

"மோந்து பாரு, செண்ட்டு" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு வந்து சேரும் வரை அவளோடு பேசவில்லை.

அல்வா

திருநாளுக்கு முந்தின நாள் வீட்டுக்காரர் பூ வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனார். நடந்து திரும்பி வந்தார். கார் ராயபுரம் பாலத்தின் மேல் நின்றுவிட்டதாம். நாலு பேரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள்.

காதர் பாய் வந்து, எஞ்சினின் மேலே இருக்கும் கார்புரேட்டரைத் திறந்தார். உள்ளே கொழகொழவென்று ஏதோ இருந்தது. விரலில் எடுத்து எங்கள் எல்லாருக்கும் காட்டினார்.

"அல்வா கிண்டி வச்சிக்கீறீங்களே. இன்னாத்த ஊத்தினீங்கோ?"

சேவியரைக் கேளுங்கள் என்றேன். அப்புறம்தான் விஷயம் விளங்கியது. உப்புத் தண்ணீரைத் தாங்குகிற ரெசினை இந்தப் பெட்ரோல் ஊறவைத்துக் கரைத்துவிட்டது. கரைந்தது பைப்பு முழுவதும் போய் அடைத்துக்கொண்டது. அதைத் தாண்டிப் பெட்ரோல் பம்புக்குள்ளும் போய்விட்டது. காதர் பாய்க்குக் காரைப் பற்றிக்கூட அவ்வளவு வருத்தமில்லை, தான் போட்ட புதுப் பைப்பைப் பற்றித்தான். கார்புரேட்டரை மட்டும் கழுவி மாட்டிவிட்டு, மற்றதெல்லாம் இரண்டு நாள் வேலை, திருநாள் போகட்டும் என்று சொல்லி ஸ்பேனர்களைக் கட்டினார்.

திருநாள் போகட்டுமாம். அன்று நான் என் வீட்டுக்காரரையும் தம்பியையும் பேசிய பேச்சை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். சோப்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேசி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"எனக்கு உங்க காரு வேணாம்டா" என்றேன் சேவியரிடம். "நான் பிலோகிட்ட போணும். அவ்ளோதான்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பிலோ அவனுக்கும் அக்காதான்.

படகு டப்பா

மறுநாள் காலையில் ஒரு சிவப்பு டப்பாவோடு வந்தான். படகின் வெளிமோட்டாருக்குப் பெட்ரோல் ஊற்றி வைக்கிற டப்பா. அதிலிருந்து ஒரு ரப்பர் ஓஸ், ஓஸின் நடுவில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் குமிழ். அந்தக் குமிழை அமுக்கினால் பெட்ரோல் ஓஸில் ஏறும். டேங்கு வேண்டாம், பைப்பு வேண்டாம், பம்பும் வேண்டாம். டப்பாவை முன் சீட்டுக்குப் பின்னால் வைத்து, ஓஸை நேராகக் கார்புரேட்டரில் மாட்டிவிட்டான்.

"எஞ்சின் இருமிச்சின்னா அமுக்கு. அப்பால விட்டுடு" என்றான்.

யார் அமுக்குவது என்று கேட்டேன். அவன் காசிமேட்டில் அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போக வேண்டும். வீட்டுக்காரர் ஓட்ட வேண்டும். ஆக, பின் சீட்டில் கால் நீட்டி மகாராணியாகப் போக இருந்தவள்தான் அமுக்க வேண்டும்.

தயவுசெய்து யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். எனக்கு அன்று வேறு வழியில்லை. சன்னல்கள் நாலையும் இறக்கச் சொன்னேன். வீட்டுக்காரரின் பீடிக் கட்டைப் பிடுங்கி வீட்டிலேயே வைத்தேன். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

தண்டையார்பேட்டை வரைக்கும் ஒழுங்காகப் போனது. அதற்கப்புறம் ஓஸைக் குமிழில் மாட்டிய இடத்தில் கசிய ஆரம்பித்தது. கைக்குட்டையைச் சுற்றினேன், நனைந்தது. முந்தானையைச் சுற்றினேன், அதுவும் நனைந்தது. மடியெல்லாம் பெட்ரோல். முன்னாலிருந்து வீட்டுக்காரர் "அமுக்கு, அமுக்கு, போதும், அமுக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் காது இருக்கிறது, எஞ்சின் இருமுவது எனக்கும் கேட்கிறது என்றேன். கேட்டால்தானே.

திருவொற்றியூரில் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே எஞ்சின் நின்றுவிட்டது. நான் அதிகமாக அமுக்கிவிட்டேனாம். பின்னாலிருந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மழை வேறு தூறத் தொடங்கியது. எனக்குக் கை கடுத்தது, பெட்ரோல் நாற்றத்தில் தலை சுற்றியது. இந்த நாற்றத்துக்குப் பயந்து எத்தனை தடவை பங்க்கில் மூக்கைப் பொத்தியிருக்கிறேன். இப்போது அதிலேயே குளித்துக்கொண்டு போகிறேன். வீட்டுக்காரர் மூன்று முறை சாவியைத் திருப்பினார். நாலாவது முறை பிடித்துக்கொண்டது. எர்ணாவூர் தாண்டி வலது பக்கம் கடல் தெரிந்தபோதுதான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

வாசலில்

கல்லறைத் தோட்டம் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு கல்லறையிலும் பூ. ஒவ்வொன்றிலும் மெழுகுவர்த்தி, ஒன்றுக்குப் பத்தாக. தூறல் விட்டிருந்ததால் எல்லாம் நின்று எரிந்தன. வாசல் கடையில் வீட்டுக்காரர் ஒரு கட்டு வாங்கினார். நான் கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. என் கையைப் பார்த்தார், மடியைப் பார்த்தார்.

"நீ உள்ளயே வராத" என்றார்.

அவர் சொன்னது சரி. பெட்ரோலில் ஊறிய புடவையோடு அந்த நெருப்புக்கு நடுவே எப்படிப் போவேன்? குழாயடியில் கையைக் கழுவினேன், மடியைக் கசக்கினேன். வாடை போகவில்லை. என் சோப்பு காருக்கு அடியில் இருந்தது.

அவர்தான் போய்க் கொளுத்தினார். நான் வாசலுக்கு வெளியே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிலோவின் கல்லறை எந்தப் பக்கம் என்றுகூட அங்கிருந்து தெரியவில்லை. கொளுத்திவிட்டேன் என்று திரும்பி வந்து சொன்னார். கூரியர் பையன் பார்சல் கொடுத்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னார். வா போகலாம், டப்பாவில் பெட்ரோல் குறைகிறது என்றார். அந்த நிமிஷம் அவர்மேல், சேவியர்மேல், அந்தக் கார்மேல், ஆண்டவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நான் நகரவில்லை. அப்போதுதான் மழை கொட்டியது.

தூறல் இல்லை, நல்ல மழை. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சலித்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். சிலர் உள்ளங்கையால் மெழுகுவர்த்தியை மூடிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தோட்டம் முழுவதும் ஒரு சுடர்கூட இல்லை.

நான் கோலை ஊன்றிக்கொண்டு உள்ளே போனேன். சேற்றில் கால் இழுத்தது. வீட்டுக்காரர் குடையோடு பின்னால் ஓடிவந்து, வலது பக்கம், மூன்றாவது வரிசை என்று காட்டினார். சின்ன சிமெண்ட் சிலுவை. பிலோமினா என்று எழுதியிருந்தது. அணைந்துபோன எங்கள் மெழுகுவர்த்தி சாய்ந்து கிடந்தது.

குனிய முடியாது எனக்கு. மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டி, மெல்லச் சரிந்து அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்தேன். அவள் செத்த சேதி கேட்டபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதேன். நன்றாக அழுதேன். பிறகு உள்ளங்கையை என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். அத்தனை மழையிலும் பெட்ரோல் வாடை போகாமல் இருந்தது. அந்தக் கையை அவள் பெயரின்மேல் வைத்தேன்.

"மோந்து பாருடி" என்றேன்.